பாறைக்குப் பட்டா கிடையாது

"சார், ஃப்ராக்சர் பண்ணியும் சில போர்ல தண்ணி வர மாட்டேங்குதே, அது ஏன் சார்? பார்ட்டி வந்து சட்டையப் புடிக்கிறான்" என்று முருகேசன் போனில் கேட்டான். ஒரு காலத்தில் என்னிடம் வேலை பார்த்தவன். இப்போது ஓசூரில் சொந்தமாகப் போர்வெல் வண்டிகள் வைத்திருக்கிறான். எழுதியே தருகிறேன் என்றேன். "சுருக்கமா எழுதுங்க சார், வாட்ஸப்புல போடணும்" என்றான்.

சுருக்கமான பதில் ஒன்று உண்டு: கீழே தண்ணீர் இல்லை. இதைச் சொல்லிப் பிழைத்த போர்வெல் கம்பெனியை நான் பார்த்ததில்லை. ஆகவே நீளமான பதிலை எழுதுகிறேன். வாட்ஸப் தாங்கினால் தாங்கட்டும்.

நான் பாரூர்க்காரன். ஏரி மதகைத் தூக்கினால் வாய்க்காலில் தண்ணீர் வரும், அது நெல்லுக்கும் கரும்புக்கும் போகும். இதற்கு மேல் தண்ணீரைப் பற்றித் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை என்று நினைத்திருந்தேன். டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூர்த் தொழிற்பேட்டைக்கு வேலை தேடி வந்தேன். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று ஒவ்வொரு கேட்டிலும் ஒரு மொழியில் வாட்ச்மேன் "நாளைக்கு வா" என்றார். மூன்று மொழியிலும் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று புரிய ஒரு வருடம் ஆனது. அதன் பிறகு அர்த்தநாரி முதலாளியின் போர்வெல் கம்பெனியில் சைட் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். பயிற்சி என்று ஏதாவது உண்டா என்றால், உண்டு. முதலில் காது மந்தமாயிற்று. பிறகு துளையிலிருந்து பறக்கும் பொடியின் நிறத்தைப் பார்த்துக் கீழே என்ன பாறை என்று சொல்லப் பழகினேன். அவ்வளவுதான்.

அர்த்தநாரி முதலாளி திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்து ஓசூரில் ஊன்றியவர். துளை போடுவது எங்கள் வேலை, தண்ணீர் கொடுப்பது கடவுள் வேலை என்பது அவருடைய வியாபாரத் தத்துவம். துளை காய்ந்து போனால் நீரோட்டம் பார்த்தவர்மேல் பழி, அவர் உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்த்த தேங்காய்மேல் பழி, நிலத்துக்காரரின் ராசிமேல் பழி. எங்கள்மேல் மட்டும் வராது. எண்பதுகளின் நடுவில் பெங்களூரில் ஒரு கண்காட்சிக்குப் போய்விட்டு வந்து, கடவுளின் வேலையையும் நாமே எடுத்துக்கொள்ளப் போகிறோம் என்று அறிவித்தார். பாறையைத் தண்ணீராலேயே உடைக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கிவிட்டார்.

அதை இயக்க அவர் பிடித்து வந்தவர்தான் ராவ் சார்.

ராவ் சார் இருபது வருடத்துக்குமேல் எண்ணெய்க் கிணறுகளில் இருந்தவர். சொந்த ஊர் மைசூர்ப் பக்கம்; நாம் 'ங்க' போடும் இடத்தில் கன்னட வழக்கப்படி 'ரீ' போடுவார். வெள்ளை ஹெல்மெட்டை அவர் கழற்றி நான் பார்த்தது குறைவு. காய்கறிச் சந்தைக்கும் அதோடுதான் போவார். எங்கள் போரை 'வெல்' என்பார். தண்ணீரைத் தண்ணீர் என்று சொல்ல மாட்டார், 'ப்ரொடக்‌ஷன்' என்பார். தக்காளித் தோட்டத்துக் கிழவர் ஒருவரிடம் போய், "உங்க வெல்லில் ப்ரொடக்‌ஷன் எப்படி?" என்று கேட்க, வெல்லம் கேட்கிறார் என்று நினைத்து அந்தக் கிழவர் ஒரு அச்சு வெல்லத்தைக் கொண்டுவந்து கையில் வைத்தார். ராவ் சார் அதையும் வாங்கித் தின்றுவிட்டு மறுபடி அதே கேள்வியைக் கேட்டார்.

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே "நல்லது" என்பார். இந்த 'நல்லது'க்கு நாங்கள் வசவைவிட அதிகமாகப் பயந்தோம்.

வேலை முறை இதுதான். கல்பாறைக்குள் தண்ணீர் குளம்போல் நிற்பதில்லை, விரிசல்களில்தான் ஓடும். நாம் போட்ட துளை விரிசலை விட்டு ஒரு முழம் தள்ளிப் போயிருந்தாலும் பொடிதான் மிஞ்சும். எனவே துளைக்குள் பேக்கர் என்ற ரப்பர் அடைப்பை இறக்கி, பாறைச் சுவரை இறுகக் கவ்வும்படி உப்ப வைக்க வேண்டும். பிறகு டேங்கர் தண்ணீரை அதன் கீழே பெரும் அழுத்தத்தில் செலுத்த வேண்டும். அழுத்தமானியின் முள் ஏறிக்கொண்டே போகும். பாறை பிளந்தால் முள் சடாரென்று இறங்கும். அந்த நொடிக்காக ராவ் சார் முள்ளின் முன்னால் கைகட்டி நிற்பார். கோயிலில் அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"பிளக்கிறது அரை வேலைதான்ரீ நடராஜன்" என்று ஒருநாள் டீக்கடையில் என்னிடம் சொன்னார். "எண்ணெய்க் கிணத்துல பிளந்த விரிசல் மறுபடி மூடிக்காம இருக்க மணலைத் திணிப்போம். மணலைச் சுமந்து போறதுக்குக் கஞ்சி மாதிரி ஒரு குழம்பு கலப்போம். வேலை முடிஞ்சதும் அந்தக் கஞ்சி நீர்த்து வெளியே வந்துடணும். வரலைன்னா எண்ணெய் வர்ற வழியை அதுவே அடைச்சிடும். அப்புறம் கிணறு முன்னே கொடுத்ததைக்கூடக் கொடுக்காது."

"நாம மணல் போடறதில்லையே சார்?"

"உங்க முதலாளிக்கு மணல் செலவு. கல்பாறை கடினம், பல இடத்துல தானாவே திறந்து நிக்கும். நிக்காத இடத்துல, அவர் நம்ம பில்லை வாங்கறதுக்குள்ள மூடிக்கும்."

முருகேசா, உனக்கான முதல் காரணம் இது. இரண்டாவது காரணத்தைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு தொழிற்சாலையின் பெரிய மேனேஜர்.

தொழிற்சாலையின் பெயர் வேண்டாம். புல்வெளிக்கும் ரோஜாத் தோட்டத்துக்கும் தண்ணீர் போதவில்லை என்று கூப்பிட்டார்கள். காய்ந்து கிடந்த போரை உடைத்தோம், முள் அழகாக இறங்கியது. அன்று எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்த டேங்கர், அதற்கு முன்பு சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகை ஏற்றிய வண்டி. கழுவினோம் என்று டிரைவர் சத்தியம் செய்திருந்தார். வேலை முடிந்து கம்ப்ரஸரால் ஊதியதும் போரிலிருந்து தண்ணீர் பீறிட்டது. எங்கள் தொழில் அளவில் இரண்டு இஞ்சுக்குக் குறையாது. கோட்டோடு வந்த மேனேஜர் உள்ளங்கையில் ஏந்தி ஒரு மடக்குக் குடித்தார்.

"இனிக்குதே!" என்றார். "மினரல்ஸ்!"

சுற்றி நின்றவர்களும் குடித்தார்கள். எல்லாருக்கும் இனித்தது. சம்பளம் கொடுப்பவருக்கு இனித்த பிறகு மற்றவர்களுக்குக் கசக்குமா? ராவ் சார் மட்டும், "இது நாங்க உள்ளே அனுப்பின தண்ணி. திரும்பி வருது. நாலைஞ்சு நாள் மோட்டார் ஓடட்டும், அப்புறம் அளக்கலாம்" என்றார். முதலாளி அவர் காலை மிதித்தார். மறுநாளே ரிப்பன் கட்டி, மேனேஜரின் மனைவி சுவிட்சைப் போட்டு, போட்டோ எடுத்து, எங்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு துண்டு போர்த்தினார்கள்.

அந்த வாரம் முடிவதற்குள் போர் காற்றைக் கக்கியது. மேனேஜர் போனில் கத்தியது எனக்கு மேசைக்கு இந்தப் பக்கமும் கேட்டது. உடைத்த உடனே அளப்பவன் தான் கொடுத்த கடனையே திரும்ப வாங்கிவிட்டு வருமானம் என்று சொல்பவன். எங்கள் தொழிலில் பாதி வெற்றி விழாக்கள் இந்த வகைதான்.

இனி மூன்றாவது காரணம். மத்தூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்தது.

ருக்குமணி என்ற பெண் எங்களைத் தேடி ஓசூருக்கே வந்தார். கணவர் வேலை பார்த்த ஆலை மூடிவிட்டதால் பிறந்த ஊருக்குத் திரும்பியிருந்தார். அப்பன் சொத்தில் தம்பி கோவிந்தராஜ் பங்கு தர மறுக்க, கோர்ட்டுக்குப் போய் வாங்கிவிட்டார். தம்பி முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர். ஊரே இன்னும் பிரசிடெண்ட் என்றுதான் கூப்பிடும். கோர்ட் சொன்னதால் கொடுத்தார், ஆனால் மேட்டுப் பக்கத்துக் கல்லு நிலமாகப் பார்த்துக் கொடுத்தார். ருக்குமணி அதில் போட்ட போரில் கையளவு தண்ணீர்கூட ஊறவில்லை. தக்காளி நாற்று விட்டுக் காத்திருந்தார். போர் பொய்த்தால் கணவனும் மனைவியும் பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்குப் போக வேண்டியதுதான்.

ராவ் சார் போரைப் பார்ப்பதற்கு முன் சுற்றுமுற்றும் பார்த்தார். "பக்கத்துல வேற வெல் இருக்கா?"

"தம்பி போரு இருக்குதுங்க. கூப்புடு தூரந்தான்" என்றார் ருக்குமணி. "ஆனா கூப்புட்டா அவன் திரும்ப மாட்டான்."

ராவ் சாருக்கு முகம் மாறியது. எண்ணெய் வயலில் ஒரு புதுக் கிணற்றை உடைக்கப் போய், விரிசல் நேராகப் பக்கத்துப் பழைய கிணற்றில் போய் முட்டி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழையதில் தண்ணீரும் மணலும் ஏறி அது கடைசிவரை எழுந்திருக்கவே இல்லை என்று வழியிலேயே என்னிடம் சொல்லியிருந்தார். தம்பியிடம் சொல்லி அனுமதி வாங்க அவரே வரப்பில் நடந்து போனார். கோவிந்தராஜ் நாற்காலியைத் திருப்பிப் போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாராம். திரும்பி வந்த ராவ் சார் கண்ணாடியைத் துடைத்தார்.

முதலில் பேக்கரைத் தம்பியின் போர் ஆழத்துக்கும் கீழே இறக்கித் தண்ணீர் அடித்தோம். அங்கே உடைந்தால் யாருக்கும் தொல்லை இல்லை. முள் ஏறியது, ஏறியது, எல்லையைத் தொட்டு அப்படியே நின்றது. பம்ப் முக்கியது. பாறை அசையவில்லை. இன்னும் சற்று மேலே தூக்கி அடித்தோம், அதே கதை. கல்லறை மாதிரி மூடிய பாறை.

ராவ் சார் பம்பை நிறுத்தச் சொல்லிவிட்டு ருக்குமணியிடம் போனார். "இதுக்கு மேலே ஒரு இடம் இருக்கு அம்மா. துளை போடும்போது அங்கே கொஞ்சம் ஈரப் பொடி வந்ததா நீங்க நடராஜன்கிட்ட சொன்னீங்களாம். அங்கே அடிச்சா உடையலாம். ஆனா விரிசல் எந்தப் பக்கம் ஓடும்னு நான் சொல்ல முடியாது. உங்க தம்பி வெல் பக்கமும் போகலாம்."

"போவட்டுமே" என்றார் ருக்குமணி. "நெலத்துல பங்கு குடுத்தாங்க. அப்பன் பாறையில மட்டும் எனக்குப் பங்கு இல்லீங்களா?"

ராவ் சார் கண்ணாடியைக் கழற்றவில்லை. "நல்லது" என்றார். அந்த 'நல்லது'வில் கோபம் இல்லை. அப்படி ஒன்றை நான் அன்றுதான் முதலில் கேட்டேன்.

பேக்கரை மேலே ஏற்றி அடித்தோம். முள் பாதி தூரம்கூட ஏறவில்லை, பொத்தென்று விழுந்தது. டேங்கர் தண்ணீர் பூமிக்குள் மடமடவென்று போனது. எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். கைதட்டல் அடங்குவதற்குள் வரப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கூச்சல். கோவிந்தராஜின் போர் மூடியைத் தள்ளிக்கொண்டு செம்மண் குழம்பு ஆள் உயரத்துக்குக் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

"எவன்டா எம்போருல சேத்த ஊத்துனவன்?" கடப்பாரையும் இரண்டு ஆட்களுமாகக் கோவிந்தராஜ் ஓடி வந்தார். வெள்ளை வேட்டி முழுக்கச் சேறு. அக்காவைப் பார்த்ததும் நின்றார். இவ்வளவு வருடம் பேசாமலிருந்த வைராக்கியம் அந்த நேரத்திலும் கலையவில்லை. அவரிடம் நேராகச் சொல்லாமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அந்தம்மா போர மூடுங்கடா. இப்பவே மூடணும். சிமெண்ட ஊத்துங்க."

"எம்போர மூட இவனாருன்னு கேளுங்க சார்" என்று ருக்குமணியும் என்னிடமே சொன்னார். அக்காளுக்கும் தம்பிக்கும் நடுவில் நான் தபால்பெட்டி மாதிரி நின்றேன்.

தகவல் போய் முதலாளி காரில் வந்து இறங்கினார். பிரசிடெண்டைக் கண்டதும் கை கும்பிட்டபடியே உடம்பு பாதியாக மடிந்தது. "தப்பு நடந்துபோச்சுங்க. நம்ம செலவுலயே சிமெண்ட் ஊத்தி மூடிப்புடறனுங்க" என்றார். ருக்குமணியும் அவருக்கு வாடிக்கையாளர்தான் என்பது ஞாபகம் வரவில்லை. மத்தூருக்கு ஆள் ஓடி சிமெண்ட் மூட்டைகள் வந்தன. எங்கள் ஆட்களே தண்ணீர் ஊற்றிக் குழைக்க ஆரம்பித்தார்கள். ருக்குமணி போர் வாயில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"பேக்கரை வெளிய எடுங்க சார்" என்றார் முதலாளி.

ராவ் சார் ஒரு வால்வைத் தொட்டுப் பார்த்தார், குழாயை இரண்டு தட்டுத் தட்டினார். "வரலை" என்றார். "சிக்கிக்கிச்சு."

பேக்கரின் காற்றைத் திறந்துவிடும் வால்வு எது என்று எனக்குத் தெரியும். அவர் தொட்டது அதுவல்ல. நான் வானத்தைப் பார்த்தேன்.

"சிக்குனா சிக்கட்டும்யா. அதும் மேலயே ஊத்துங்க" என்றார் கோவிந்தராஜ்.

மடிந்திருந்த முதலாளியின் உடம்பு அப்போது நிமிர்ந்தது. "என்னங்க பேசறீங்க! அது ஜெர்மன் சாமானுங்க! அதும் மேல சிமெண்டா? ஒருத்தன் பக்கத்துல வரக் கூடாது!" ஓடிப்போய் ருக்குமணிக்கு முன்னால் கைகளை விரித்து நின்றுகொண்டார். அந்தப் பெண்ணின் போரை அன்று காப்பாற்றியது நீதியா தர்மமா என்று கேட்டால், ஒரு ரப்பர் குழாய் என்றுதான் சொல்ல வேண்டும். குழைத்த சிமெண்ட் வெயிலில் இறுகி, வரப்பு ஓரத்தில் ஒரு பாறையாக உட்கார்ந்தது.

சாயங்காலம் மும்முனைக் கரண்ட் வந்ததும் கோவிந்தராஜ் தன் மோட்டாரைப் போட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் சேறு, பிறகு கலங்கல், பிறகு தெளிவான தண்ணீர். முன்பைவிடக் கூடுதலாகவே கொட்டியது. ராவ் சாரும் நானும் போனபோது தொட்டிக்கு முன்னால் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"பாத்தீங்களா? அவ செலவுல எனக்குத் தண்ணி ஏறிடுச்சு."

"இது எங்க டேங்கர் தண்ணி. நாலைஞ்சு நாள்ல தீர்ந்துடும்" என்றார் ராவ் சார். "சிமெண்ட் விஷயமா வந்தேன். நாளைக்கு வேணும்னா ஊத்தலாம். ஆனா எங்க தண்ணி எந்த வழியா உங்க வெல்லுக்கு வந்துச்சோ, சிமெண்டும் அதே வழியா வரும். தடுத்து நிறுத்த எனக்கு வித்தை தெரியாது."

மீசையில் இருந்த கை இறங்கியது.

"அப்ப ஊத்தலன்னா? எந்தண்ணிய அவ இழுத்துக்குவாளே?"

"நீங்களும் அவங்க தண்ணியை இழுப்பீங்க. நிலத்துக்குத்தான் பட்டா. பாறைக்குப் பட்டா கிடையாது."

மறுநாள் காலையில் பேக்கர் வெண்ணெயில் சொருகிய கத்தி மாதிரி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. முதலாளி அதைத் தடவிப் பார்த்தார், ராவ் சாரைப் பார்த்தார். மனிதர் கஞ்சனே தவிர மடையன் இல்லை. அந்த மாதம் முடிந்ததும், "நம்மளாட்டம் சின்னக் கம்பெனிக்கு ஒங்களாட்டம் பெரிய படிப்பு தாங்காதுங்க சார்" என்று கணக்கை முடித்தார். ராவ் சார் கண்ணாடியைத் துடைத்து, "நல்லது" என்றார். இது பழைய 'நல்லது'.

ஓசூர் பஸ் ஸ்டாண்டுவரை அவருடைய பெட்டியை நான் தூக்கிப் போனேன். பொய்யே சொல்லாத நீங்கள் பேக்கர் சிக்கிக்கொண்டது என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"பொய் இல்லைரீ. சிக்கித்தான் இருந்தது. எடுக்க எனக்கு மனசு வரலை, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு மைசூர் பஸ்ஸில் ஏறினார். உட்கார்ந்த பிறகும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கண்டக்டர் டிக்கெட் கொடுக்கும்போது அவருக்கு சல்யூட் வைத்ததை நான் பார்த்தேன்.

ருக்குமணியின் போரைச் சேறு போகும்வரை கம்ப்ரஸரால் ஊதி, மோட்டார் இறக்கி, பல நாள் ஓடவிட்டுப் பிறகு அளந்தேன். ஒன்றரை இஞ்சு. அதே சமயம் கோவிந்தராஜின் போரில் பாதி குறைந்திருந்தது. இரண்டு மோட்டாரும் ஒன்றாக ஓடினால் இரண்டும் இருமின. ஒன்று ஓய்ந்தால் மற்றது நன்றாக ஊறியது. உடைத்த போர் ஊறாமல் போவதற்கு மூன்றாவது காரணம் இதுதான்: அடுத்தவன் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்.

அக்காவைக் காயப்போட்டே தீருவது என்று கோவிந்தராஜ் கரண்ட் வந்ததிலிருந்து போகும்வரை விடாமல் இறைத்தார். புதிதாகத் திறந்த விரிசலில் இருந்த நொய்மணலெல்லாம் அவருடைய மோட்டாருக்குள் போனது. மோட்டார் எரிந்தது. சரிசெய்து இறக்கினார், மறுபடி எரிந்தது. அந்தச் சண்டையில் வென்றவர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால், மத்தூர் ரீவைண்டிங் கடைக்காரரைச் சொல்லலாம்.

மூன்றாவது மோட்டாரை இறக்கிய அன்று, பிரசிடெண்ட் வேலியோரம் வந்து நின்றார் என்று ருக்குமணி சொன்னார். ரொம்ப நேரம் தக்காளிச் செடியைப் பார்த்தாராம். பிறகு, "எக்கா, நாளைக்கு நீ போடு. நாளான்னிக்கு நான் போட்டுக்கறேன்" என்றாராம். கோர்ட்டால் ஆகாதது, பெரிய மனிதர்களால் ஆகாதது, எரிந்த மோட்டாரால் ஆயிற்று. பிறகு அவர்கள் தப்பாமல் அப்படியே செய்தார்கள். ருக்குமணி பெங்களூருக்குப் போகவில்லை.

தொண்ணூறுகளில் நான் வேறொரு கம்பெனியில் ஃப்ராக்சர் வண்டிக்குப் பொறுப்பாளன் ஆகியிருந்தேன். ஓசூர் ஆலைகளுக்கு டேங்கரில் தண்ணீர் விற்கும் ஒருவர், மத்தூர்ப் பக்கம் நிலம் வாங்கி வரிசையாகப் போர் போட்டிருக்கிறார், உடைக்க வேண்டும் என்றார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். தார் ரோட்டிலிருந்து வண்டிப்பாதையில் இறங்கிக் கொஞ்ச தூரம் போனதும்தான் எந்த ஊர் என்று உறைத்தது. டேங்கர்காரர் வாங்கியிருந்தது அவர்களுக்கு நேர் கீழே இருந்த நிலம்.

பாதைக்குக் குறுக்கே கோவிந்தராஜ் நின்றார். பக்கத்தில் ருக்குமணி.

"வாங்க சார். சௌக்கியங்களா?" என்றார் ருக்குமணி. "யாரு போர ஒடைக்க?"

சொன்னேன்.

"எங்க போரு ரெண்டும் உள்ளார ஒண்ணு சார். ஒங்களுக்குத் தெரியாததா?" என்றார் கோவிந்தராஜ். "கீழ நீங்க ஒடச்சா மேல நாங்க மண்ணுதான் திங்கணும். எங்கக்கா இப்பத்தான் ரெண்டாவது போகத்துக்கு நாத்து விட்டிருக்குது." அவர் 'எங்கக்கா' என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வண்டியிலிருந்து இறங்கி நிலத்தை ஒரு பார்வை பார்த்தேன். அவர் சொன்னதில் தப்பில்லை. இங்கே உடைக்க முடியாது என்று ஆபீசில் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. ஆனால் அந்தக் குறுகலான பாதையில் அவ்வளவு பெரிய வண்டியைத் திருப்ப இடமில்லை. இரண்டு பக்கமும் தக்காளி. டிரைவர் தலையில் கை வைத்தார்.

கோவிந்தராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனார். "வரலாம்... வரலாம்... கொஞ்சம் சோத்தாங்கைப் பக்கம்... செடிய மிதிக்காத... வரலாம்!" என்று தார் ரோடுவரை பின்னோக்கி நடந்தே எங்களை ரிவர்ஸில் கொண்டுவந்து சேர்த்தார். ருக்குமணி முன்சக்கரத்தோடு கூடவே நடந்து, இடறிய கற்களை எடுத்துப் போட்டுக்கொண்டே வந்தார்.

டேங்கர்காரர் அடுத்த வாரம் வேறு கம்பெனி வண்டியைக் கூப்பிட்டாராம். அதையும் அக்காளும் தம்பியும் ரிவர்ஸிலேயே அனுப்பி வைத்தார்களாம், ஒரு செடிகூட மிதிபடாமல்.